படைப்பாக்கப் பொதும உரிமங்களின் இந்திய வடிவம்

படைப்பாக்கப் பொதும உரிமங்கள் (கிரியேட்டிவ் காமன்சு) என்பன, ஒரு படைப்பைப் பிறர் படியெடுக்கவும் பகிரவும் அதன் ஆக்கியோன் முன்கூட்டியே அளிக்கும் பொது இசைவுகள் ஆகும். இவை 2002 திசம்பரில் அமெரிக்கச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு வெளியிடப்பட்டன. பின்னர் ஒவ்வொரு நாட்டின் சட்டத்திற்கும் ஏற்ப மாற்றி எழுதப்பட்டன. இந்திய வடிவம் (பதிப்பு 2.5) 2007 சனவரி 26 அன்று மும்பை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் வெளியிடப்பட்டது.

மாற்றியெழுதல் வெறும் மொழிபெயர்ப்பு அன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 19 ஆம் பிரிவின்படி, உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிடின் அது ஐந்து ஆண்டுகள் எனவும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிடின் இந்தியா மட்டும் எனவும் கொள்ளப்படும். 30அ பிரிவு இவ்விதியை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. எனவே "யாரும் பயன்படுத்தலாம்" என்று மட்டும் எழுதி வைக்கும் எழுத்தாளரின் நல்லெண்ணம் ஐந்தாண்டில் காலாவதியாகிவிடக் கூடும். உலகெங்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதும் என்று உரிமத்தில் சொல்லப்படுவதன் தேவை இதுவே. இந்தியாவில் நூல்களுக்கு அக்காலம் ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் ஆகும்.

ஆக்கியோனின் சிறப்புரிமை

இதனினும் சிக்கலானது 57 ஆம் பிரிவு. பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும், தன் பெயரைக் கோரவும், தன் மதிப்பிற்கு ஊறு செய்யும் சிதைப்பைத் தடுக்கவும் ஆக்கியோனுக்கு உரிமை உண்டு. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பம் 1979 இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்ததை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005 இல் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 இலட்சம் உரூபாய் இழப்பீடு வழங்கவும் அரசுக்கு ஆணையிட்டது. மாற்றங்களை அனுமதிக்கும் திறந்த உரிமம் ஒன்று இவ்வுரிமையுடன் முரணாது நிற்க வேண்டும். ஒரு கதையைச் சுருக்குவதற்கும் சிதைப்பதற்கும் இடையிலான எல்லை எளிதில் வரையக் கூடியதன்று.

பிற்காலம்

2013 நவம்பரில் வெளியான 4.0 பதிப்பு, நாட்டுக்கு நாடு மாற்றி எழுதத் தேவையின்றி உலகப் பொதுவாக அமைக்கப்பட்டது. ஆயினும் 2.5 இந்திய வடிவத்தில் வெளியிடப்பட்ட படைப்புகள் தாமாகவே புதிய பதிப்புக்கு மாறிவிடா. அவை பழைய உரிமத்தின்படியே பயன்படுத்தப்பட வேண்டும்.