அந்தக் கோடு யார் வீட்டுக் குழந்தை?

கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் ஐந்தாவது, ஆறாவது மாதம் வாக்கில் ஒரு சலசலப்பு ஆரம்பிக்கும். அதுவரை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்த எடை கொஞ்சம் நிதானப்படும். 'என்னம்மா, ஒரு மாசத்துல நானூறு கிராம்தான் ஏறியிருக்கு?' என்று தராசுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கேள்வி வரும். 'பால் பத்தலை போலிருக்கு' என்பார் பக்கத்து வீட்டு மாமி. 'ராத்திரிக்கு மட்டும் ஒரு புட்டி கொடுத்துப் பாரேன்' என்பார் மாமியார். குழந்தை என்னவோ கையைக் காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். அழுவது அம்மா மட்டும்!

அந்தத் தாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னது ஒரு அட்டை. அதில் மேல்நோக்கி வளைந்து போகும் சில கோடுகள். அந்தக் கோட்டை ஒட்டியே குழந்தையின் எடை ஏற வேண்டும், கீழே இறங்கினால் ஆபத்து என்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சரி, அந்தக் கோடுகளை வரைந்தது யார்? எந்த ஊர்க் குழந்தையை நிறுத்துப் பார்த்து வரைந்தார்கள்?

இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டுப் பதில் சொல்ல, மருத்துவ உலகத்துக்குக் கிட்டத்தட்ட முப்பது வருடங்கள் பிடித்தன.

முதலில் தராசின் கதை. வேடிக்கை என்னவென்றால், அது தாய்ப்பாலுக்கு நண்பனாகத்தான் வந்து சேர்ந்தது. 1892-ல் பாரீஸின் ஷாரித்தே மருத்துவமனையில் பியர் புடேன் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு ஏற்பாடு செய்தார். அங்கே பிரசவம் ஆன பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவறாமல் திரும்பி வரவேண்டும். குழந்தையை நிறுத்துப் பார்ப்பார்கள். 'பால் கொடுக்கிறதை நிறுத்திடாதே' என்று தாய்க்குத் தைரியம் சொல்லி அனுப்புவார்கள். அன்றைய பாரீஸில் கெட்டுப்போன மாட்டுப்பாலைக் குடித்து வயிற்றுப்போக்கில் செத்த குழந்தைகள் ஏராளம். அதைத் தடுக்கத்தான் தராசு!

அதே தராசு பின்னாளில் எப்படிக் கட்சி மாறியது?

அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக்குப் போகவேண்டும். அங்கே எல்லோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1929-ல், சாமுவேல் ஃபெல்ஸ் என்ற சோப்பு அதிபரின் பணத்தில் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் தொடர்ந்து அளந்து குறித்துவைத்தார்கள். முதல் வருடத்தில் பிறந்ததும் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை, மூன்றாவது மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்கு. பொறுமையாக, பல பத்தாண்டுகள் செய்த நல்ல வேலை. அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால், அந்தக் குழந்தைகள் யார்? பெரும்பாலும் வசதியான, நடுத்தர வெள்ளையர் வீட்டுக் குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தது புட்டிப்பாலில். அது அந்தக் காலத்து அமெரிக்கப் பழக்கம். சுண்டக் காய்ச்சி டின்னில் அடைத்த பாலில் தண்ணீரும் சோளச் சர்க்கரைப் பாகும் கலந்து புட்டியில் ஊற்றினால், அதுதான் விஞ்ஞானபூர்வமான உணவு! 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் நாலில் ஒரு தாய்தான் பிரசவமானதும் பால் கொடுக்கவே ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் கொடுத்தவர்கள் இன்னும் குறைவு.

1977-ல் அமெரிக்க அரசின் புள்ளிவிவர மையம் குழந்தை வளர்ச்சி அட்டைகளை வெளியிட்டது. கைக்குழந்தைகளுக்கான கோடுகளை அந்த எல்லோ ஸ்பிரிங்ஸ் கணக்கிலிருந்து வரைந்தார்கள். அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு, எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. ஓஹையோவின் ஒரு சின்ன ஊரில் புட்டியில் குடித்து வளர்ந்த பிள்ளைகள், உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அளவுகோல் ஆனார்கள்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை அந்தக் கோட்டோடு ஒத்துப்போகாது. முதல் இரண்டு மூன்று மாதம் கோட்டைத் தாண்டி வேகமாக ஏறும். அதற்குப் பிறகு நிதானமாகும். அதன் இயற்கையே அப்படி. பழைய அட்டையில் அது சரிவாகத் தெரியும். உடனே 'உனக்குப் பால் போதவில்லை' என்று தீர்ப்பு எழுதப்படும்.

தீர்ப்போடு விட்டால் பரவாயில்லை. தண்டனையும் உண்டே! தாய்ப்பால் ஒரு விசித்திரமான ஊற்று. இறைக்க இறைக்கத்தான் ஊறும். ஒரு வேளைக்குப் புட்டி கொடுத்தால், அந்த வேளைக்குக் குழந்தை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் சுரப்பு குறையும். சுரப்பு குறைந்தால் இன்னொரு புட்டி. கடைசியில் 'எனக்கு நிஜமாவே பால் இல்லை' என்று அந்தத் தாயே நம்பிவிடுவாள். இல்லாத பற்றாக்குறையை அட்டையே உண்டாக்கிவிட்டது!

வசதியான வீட்டில் இதனால் செலவோடு போகும். ஏழை வீட்டில் உயிரோடு போகும். பால் பவுடர் விலை அதிகம் என்று தண்ணீரைக் கூட்டிக் கலப்பார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமானதாக இருக்காது. இதை 1939-லேயே சிங்கப்பூரில், ரோட்டரி சங்க மேடையில் உடைத்துப் பேசியவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர். பாலும் கொலையும் என்பதுதான் அவர் பேச்சின் தலைப்பு. பால் விற்பவர்களின் பொய்ப் பிரசாரத்தைக் கொலைக்குச் சமமாகப் பார்க்க வேண்டும் என்றார், அந்த வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கக்கூடிய சபையில்! அதற்குப் பிறகு நாற்பது வருடங்களுக்கும் மேலாகி, 1981-ல்தான் பால் பவுடர் விளம்பரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை வகுத்தது. வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற ஒரே நாடு அமெரிக்கா. நம் நாட்டில் அதற்கான சட்டம் 1992-ல் வந்தது.

விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்டாயிற்று. அட்டை? அது சுவரில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

அதை அசைத்தது கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்ற ஊரில் நடந்த ஆராய்ச்சி. 1980-களில் கேத்ரின் டூயி என்ற ஊட்டச்சத்து நிபுணரின் குழு, ஒரே மாதிரி வசதியுள்ள வீடுகளில் தாய்ப்பால் குழந்தைகளையும் புட்டிப்பால் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் குழந்தைகள் எடையில் பின்தங்கினார்கள். ஆனால் ஆரோக்கியத்தில் பின்தங்கவில்லை. சோற்றுக்குப் பஞ்சமில்லாத ஊரிலேயே இப்படி என்றால், குறை பாலில் இல்லை, அளவுகோலில்!

உலக சுகாதார நிறுவனம் மறுபடி முதலிலிருந்து அளக்கக் கிளம்பியது. 1997 முதல் 2003 வரை, பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவிலிருந்து தெற்கு டெல்லிப் பிள்ளைகள். கைக்குழந்தைகளுக்கு நிபந்தனைகள் கடுமை. அம்மா புகைபிடிக்கக் கூடாது. குறைந்தது நாலு மாதம் தாய்ப்பாலே பிரதான உணவு. ஒரு வயது வரையாவது தாய்ப்பால் தொடரவேண்டும்.

முடிவு என்ன தெரியுமா? ஓஸ்லோ குழந்தையும் டெல்லிக் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் உயர்ந்தார்கள்! நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்தால், ஐந்து வயது வரை இனமும் நாடும் பெரிய வித்தியாசம் செய்வதில்லை. 2006 ஏப்ரலில் புதிய அட்டை வந்தது. இந்தியாவின் அங்கன்வாடிகளுக்காக 2008-ல் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆண் குழந்தைக்கு நடுக்கோடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். மூன்று மாதத்தில் பழைய அட்டை 6 கிலோ, புதியது 6.4. ஒரு வயதில் பழையது 10.2 கிலோ, புதியது 9.6. அந்த 600 கிராம் வித்தியாசத்துக்காக எத்தனை தாய்மார்கள் அழுதிருப்பார்கள்! புதிய கணக்கில் முதல் மூன்று மாதத்தில் சுமார் 3 கிலோ ஏறும் குழந்தை, அடுத்த மூன்று மாதத்தில் ஒன்றரை கிலோதான் ஏறுகிறது. அதாவது, ஆறாவது மாதத்தில் நானூறு கிராம் என்பது கவலைப்படவேண்டிய விஷயமே இல்லை. தவிர, நடுக்கோடு என்றால் பாதிக் குழந்தைகள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். அது பாஸ் மார்க் அல்ல.

'அப்படீன்னா தராசையே தூக்கிப் போட்டுடலாமா?' என்று கேட்டுவிடாதீர்கள். புதிய அட்டை வெறும் ஆறுதல் அட்டை இல்லை. முதல் மாதங்களில் அது பழையதைவிடக் கறார். பழைய கோட்டில் தப்பித்துக்கொண்டிருந்த மெலிந்த பச்சைக் குழந்தைகளை அது பிடித்துக் கொடுத்துவிடுகிறது.

பிறந்த சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது சகஜம். பத்து சதவிகிதத்தைத் தாண்டினால் டாக்டர் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரம் கழிந்ததும் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகவேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, எடை அப்படியே நின்றாலோ, குழந்தை தன் கோட்டை விட்டு அடுத்தடுத்த கோடுகளுக்குக் கீழே இறங்கினாலோ, உடனே டாக்டரிடம் ஓடுங்கள். காம்பை ஒழுங்காகப் பிடிக்கிறதா என்பதில் தொடங்கி, உள்ளே ஏதாவது நோய் இருக்கிறதா என்பது வரை அவர் பார்ப்பார். சில குழந்தைகளுக்குக் கூடுதல் பால் நிஜமாகவே தேவைப்படும். கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

ஆனால், தாயைப் பார்த்து 'உன் பால் பத்தலை' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். படித்த நிபுணர்களே முப்பது வருடம் தப்பான கோலை வைத்து அளந்திருக்கிறார்கள். நாம் எந்தக் கோலை வைத்துக்கொண்டு சொல்கிறோம்?