மகால் தூணும் மெல்லிய நாரும்

சிவில் மூன்றாம் ஆண்டில் எங்களைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துப் போனார்கள். தூணைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்ததுதான் நாங்கள் செய்த ஆய்வு! 1636-இல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த கட்டடம். பேரன் சொக்கநாதர் பிரித்தது போக மிஞ்சியதை, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார்.

செங்கல் சுவர் அழுத்தம் தாங்கும். இழுவிசை வந்தால் விரிசல் விடும். நாயக்கர் காலத்தில் அதற்கு மருந்து பருமன். இக்காலத்தில் நார்: கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைத் துணியை எப்பாக்ஸி பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள். 1997 நிலநடுக்கத்துக்குப் பின் இத்தாலியில் அசிசி தேவாலயத்தின் கூரை வளைவுகளை அராமிட் நார் கொண்டு செய்த விலாக்களால்தான் வலுப்படுத்தினார்கள்.

மேலூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் இந்த வித்தையைக் காட்டப் போனேன். கொத்தனார் தடுத்தார். "தம்பி, அடியிலருந்து ஈரம் ஏறுது. பிளாஸ்டிக்க ஒட்டிப்புட்டா அது எங்கிட்டுப் போகும்?" படித்தவன் கேட்பேனா? ஒட்டினேன். இரண்டே மழைக்காலம், துணி செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு கழன்றது.

அடுத்த சுவரில், காரம் அரிக்காத கண்ணாடி இழை வலையைச் சுண்ணாம்புச் சாந்திலேயே புதைத்தோம். ஈரம் வெளியேறியது, விரிசல் இதுவரை திரும்பவில்லை. வலை என் யோசனை. சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் எவ்வளவு என்பதை மட்டும் கொத்தனார் என்னிடம் கேட்கவேயில்லை.