சாங்டாங்: சுண்ணாம்புப் பாறையில் விளைந்த டங்ஸ்டன்

தென்கொரியாவின் கங்வோன் மாகாணத்து மலைகளுக்கிடையே 1916இல் கண்டறியப்பட்ட சாங்டாங் சுரங்கத்தின் வரலாறு, மனிதர் தோன்றுவதற்கும் பல கோடி ஆண்டுகள் முற்பட்டது. கேம்ப்ரியன் காலக் கடலடியில் களிமண்ணோடு படிந்த சுண்ணாம்பு அடுக்குகளுக்குக் கீழே, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் பாறைக்குழம்பு ஊடுருவிக் கிரானைட்டாக இறுகியபோது, அதிலிருந்து பிரிந்த வெந்நீர்க் கரைசல்கள் சிலிக்காவையும் இரும்பையும் டங்ஸ்டனையும் சுமந்து பிளவுகளின் வழியே மேலேறின. அவை சுண்ணாம்போடு வினைபுரிந்து, கார்னெட், பைராக்சீன் ஆகிய கனிமங்கள் செறிந்த ஸ்கார்ன் என்னும் புதிய பாறையை உருவாக்கின. சுண்ணாம்பு தந்த கால்சியத்தோடு டங்ஸ்டன் இணைந்து, புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் ஷீலைட் தாதுவாக அப்பாறையில் படிந்தது.

எஃகைக் கடினமாக்கும் இவ்வுலோகத்தைப் போர்கள் வேண்டி நின்றமையால், ஜப்பானிய ஆட்சியில் தோண்டப்பட்ட இச்சுரங்கம், 1952இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட டங்ஸ்டன் ஒப்பந்தத்தின் வழியே, போரால் நொறுங்கிய தென்கொரியாவுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித்தந்தது. அந்நாட்டின் தொழில் எழுச்சியைப் பேசுவோர் எஃகாலைகளுக்கும் கப்பல் தளங்களுக்கும் அளிக்கும் இடத்தைச் சாங்டாங் தொழிலாளரின் உழைப்புக்கும் அளிப்பதே நியாயம். 1990களில் சுரங்கம் மூடப்பட்டது, தாது தீர்ந்ததால் அன்று. சீனாவின் மலிவான டங்ஸ்டன் உலகச் சந்தையை நிறைத்ததால்.