வளரும் முடியும் வளராத பல்லும்

டில்லியிலும் மும்பையிலும் குடியேறிவிட்ட நம்மவர்களுள் பலர், குழந்தையின் முதல் முடியைத் திருமலையில் இறக்குவதையே இன்றும் விரும்புகின்றனர். சித்தூர் ஜில்லா 1911-இல் வட ஆர்க்காடு, கடப்பை ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்தது. 1953-இல் ஆந்திர ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் எத்தனை மாறியும், கல்யாண கட்டாவில் நாவிதர் முன் அமரும் தமிழ்க் குழந்தைகளின் வரிசை மாறவில்லை.

அங்கே இறக்கிய முடி சில மாதங்களில் வளர்ந்துவிடும். அதே குழந்தைக்கு ஆறு வயதளவில் பால்பல் விழும், சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்து புதுப்பல் வேண்டுவோம், அதுவும் முளைத்துவிடும். அதற்குப்பின் விழும் பல்லோ, போனது போனதே. இவ்வேற்றுமை ஏன்?

கருவில் மயிரும் பல்லும் உடன்பிறந்தவை. மேற்புறத் திசு உள்நோக்கி மடிந்து, அடித்திசுவோடு உறவாடுவதாலேயே இரண்டும் தோன்றுகின்றன. இவ்வுறவுக்குச் சான்றாக ஓர் இந்தியக் குடும்பமே விஞ்ஞான நூலில் இடம்பெற்றது. டார்வின் 1875-இல் வெளியிட்ட பதிப்பொன்றில், சிந்து தேசத்து இந்துக் குடும்பமொன்றைக் குறிப்பிடுகிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் மிகச் சிலவே. உடலில் ரோமமும் குறைவு. கோடையில் தோல் வறண்டு துன்புற்றனர். பெண்களுக்கு இக்குறை இல்லை. எனினும் அவர்கள் வழியே புதல்வரை அடைந்தது. இத்தகைய குறைக்குக் காரணமான ஈ.டி.ஏ. என்னும் மரபணு 1996-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

முடி இறக்குவதால் வேர் போவதில்லை. தானே உதிரும் மயிரும் மறுபடி தோன்றுவதற்கு மயிர்க்காலில் உறையும் மூல உயிரணுக்களே காரணம் என்பதற்கு 1990-இல் கோட்ஸரேலிஸ், ஸுன், லாவ்கர் ஆகியோர் எலிகளிடம் வழி கண்டனர். எலியின் முன்பல் ஆயுள் முழுவதும் வளர்வதற்கும் அதன் அடியிலுள்ள அத்தகைய அணுக்களே காரணம் என்பது 1999-இல் புலனாயிற்று. மனிதப் பல்லிலோ, எனாமலைச் செய்யும் அணுக்கள் பல் வெளிவரும்போதே மாய்ந்துவிடுகின்றன. மறு தவணைக்கு ஆளில்லை.

ஆனால் பல்லின் உட்கூழில் மூல உயிரணுக்கள் உண்டென்று 2000-இல் கிராந்தாஸும் ஷியும் காட்டினர். 2003-இல் விழுந்த பால்பற்களிலும் அவை அகப்பட்டன. ஷி அவர்களுக்கு இவ்வெண்ணம் தம் மகளின் பல்லைப் பார்த்தே உதித்ததாம். நாம் கூரைமேல் எறிந்த பொருளை இவர்கள் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தனர்! உடனே வணிகரும் விழித்துக்கொண்டனர். பிள்ளையின் பால்பல்லைக் குளிரறையில் காத்துவைத்தால் பிற்காலத்தில் நோய் தீரும் என்னும் விளம்பரம் நம் குடும்பங்களையும் எட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளோ, தொப்புள்கொடி இரத்தம் நீங்கலாக மற்றவற்றை வணிகமுறையில் சேமிப்பதற்கு இடந்தரவில்லை. பணம் கட்டுமுன் இதனைக் கேட்டறிதல் பெற்றோரின் உரிமை.

பல்லை மீண்டும் முளைப்பிக்கும் முயற்சி மற்றொரு வழியிலும் நடைபெறுகிறது. ஜப்பானில் தக்காஹாஷி குழுவினர், பல் வளர்ச்சியைத் தடுக்கும் புரதமொன்றை முடக்கும் மருந்தைச் செய்தனர். ஈ.டி.ஏ. குறைவால் பல் குன்றிய எலிகளுக்கு அதனால் பல் முளைத்ததென 2021-இல் அறிவித்தனர். சிந்துக் குடும்பத்தாரைப் பற்றிய அதே குறைதான் அது. 2024-இல் கியோட்டோவில் மனிதரிடம் சோதனை தொடங்கிற்று. அந்த முதற்கட்டத்தில் ஆராயப்படுவது, மருந்து தீங்கற்றதா என்பதே.