96,485: மூன்று பாடங்களை இணைக்கும் ஓர் எண்



தமிழ்ப்பள்ளியில் நம்மிடம் பயின்று, பின்னர் ஆறாம் படிவத்திலோ சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியிலோ வேதியியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் பலரிடமிருந்து ஒரே முறையீட்டைக் கேட்கிறேன். "பாடம் புரிகிறது ஐயா, கணக்குத்தான் வரவில்லை" என்கிறார்கள். வெப்ப வேதியியல், வேதிப் பிணைப்பு, மின்வேதியியல் ஆகிய மூன்றுக்கும் மூன்று சூத்திரப் பட்டியல்களை மனனம் செய்கிறார்கள். தேர்வறையில் ஒன்று மறந்தால் மற்றதும் குழம்பிவிடுகிறது. இதனாலேயே வேதியியலைக் கைவிடுவோரும் உள்ளனர்.

இம்மூன்றும் வேறுவேறு பாடங்கள் அல்ல என்பதே என் கருத்து. அதற்குச் சான்று அவை பிறந்த வரலாறு. மாணவர்களின் தரவுத் தாளில் ஃபாரடே மாறிலி என்று ஒரு வரி இருக்கும்; அதன் மதிப்பு ஒரு மோலுக்கு ஏறத்தாழ 96,485 கூலும். அந்த எண்ணின் வழியே சென்றால் மூன்று பாடங்களையும் தொட்டுவிடலாம்.

கொல்லரின் மகன்

1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்டா, துத்தநாகம், வெள்ளித் தகடுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கி, தொடர்ந்து மின்சாரம் தரும் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்னும் இரு ஆங்கிலேயர்கள் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்தனர். 1807-இல் ஹம்ஃப்ரி டேவி இலண்டனில் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். ஆயினும், எவ்வளவு மின்சாரம் எவ்வளவு பொருளைப் பிரிக்கும் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

அவ்விடையைக் கண்டவர் டேவியின் உதவியாளராக 1813-இல் பணியில் சேர்ந்த மைக்கல் ஃபாரடே. கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கட்டுவதற்காக வந்த நூல்களைப் படித்தே அறிவியலைக் கற்றவர். உயர்கணிதம் அவருக்குக் கைவராத ஒன்று. ஆனால், அளந்து பார்ப்பதில் அவருக்கு நிகரானவர் அரிது. வெவ்வேறு கரைசல்களில் ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, வெளிப்பட்ட பொருள்களை எடையிட்டார். ஒரு கிராம் ஹைட்ரஜனை வெளியேற்றும் அதே மின்சாரம் 8 கிராம் ஆக்சிஜனையும், ஏறத்தாழ 108 கிராம் வெள்ளியையும், 31.8 கிராம் செம்பையும் வெளியேற்றும். 1833, 1834-ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட மின்பகுப்பு விதிகளின் சாரம் இதுவே.

இப்பணிக்குப் பழைய சொற்கள் போதவில்லை. எனவே, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹூவெல்லிடம் கலந்து, கிரேக்க வேர்களிலிருந்து அனோடு, கேத்தோடு, அயனி ஆகிய சொற்களை ஏற்றுக்கொண்டார். 'மேலேறும் வழி', 'கீழிறங்கும் வழி', 'செல்வது' என்பன அவற்றின் பொருள். நேர், எதிர் என்னும் குறிகள் அச்சொற்களில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நாம் தமிழில் அனோடை நேர்மின்வாய் என்கிறோம். மின்பகுப்பில் அது பொருந்தும். மின்கலத்திலோ அனோடுதான் எதிர்முனை! மாணவர்கள் குறி மாற்றிப் போட்டுத் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 'எலக்ட்ரான்கள் இழக்கப்படும் இடம் அனோடு; ஏற்கப்படும் இடம் கேத்தோடு' என்று கற்பித்தால் இரண்டு இடங்களிலும் பிழை நேராது.

எண்ணின் பொருள்

வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள இந்த ஒழுங்கு எதனால்? 1881-இல் இலண்டனில் உரையாற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸ், பொருள் அணுக்களால் ஆனது என்றால் மின்சாரமும் சிறுசிறு அலகுகளாகவே இருக்க வேண்டும் என்றார். 1891-இல் ஸ்டோனி அவ்வலகுக்கு எலக்ட்ரான் என்று பெயரிட்டார். 1897-இல் ஜே.ஜே.தாம்சன் அதனைத் துகளாகவே கண்டறிந்தார். ஒரு மோல் எலக்ட்ரான்களின் மொத்த மின்னூட்டமே 96,485 கூலும். அவ்வளவுதான் அந்த எண்!

இது புரிந்தால் சூத்திரம் தேவையில்லை. செப்புச் சல்பேட்டுக் கரைசலில் 2 ஆம்பியர் மின்னோட்டம் 965 விநாடிகள் பாய்கிறது எனக் கொள்வோம். மொத்தம் 1930 கூலும். அதனை 96,485-ஆல் வகுத்தால் 0.02 மோல் எலக்ட்ரான்கள். ஒரு செம்பு அயனிக்கு இரண்டு எலக்ட்ரான்கள் வேண்டும், ஆகவே 0.01 மோல் செம்பு, அதாவது சுமார் 0.64 கிராம். எண்ணுவது எலக்ட்ரான்களை என்று தெரிந்த மாணவன், இரண்டால் வகுப்பதா பெருக்குவதா என்று தடுமாறமாட்டான்.

ஆற்றலின் கணக்கு

1840-இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஹெஸ் என்பவர், ஒரு வினை எத்தனை படிகளில் நிகழ்ந்தாலும் மொத்த வெப்பம் மாறாது என்று நிறுவினார். ஆற்றல் அழிவின்மை விதி முழுவடிவம் பெறுவதற்கு முன்பே கண்ட உண்மை இது. மாணவர்கள் அம்புக்குறி வரைந்து போடும் ஹெஸ் சுழற்சிக் கணக்குகள் யாவும் இதன் வழிவந்தவை.

இதனை மின்கலத்தோடு இணைத்துப் பார்ப்போம். துத்தநாகத் தூளைச் செப்புச் சல்பேட்டுக் கரைசலில் இட்டால், ஒரு மோலுக்குச் சுமார் 218 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அதே வினையை 1836-இல் டேனியல் அமைத்த மின்கலத்தில் நிகழ்த்தினால் 1.10 வோல்ட் கிடைக்கிறது. வோல்ட் என்பது ஒரு கூலுமுக்கு ஒரு ஜூல். எனவே இரண்டு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டத்தை 1.10-ஆல் பெருக்கினால், சுமார் 212 கிலோஜூல். கிப்ஸ் 1870-களில் விளக்கிய கட்டிலா ஆற்றல் இதுதான். எஞ்சிய 6 கிலோஜூலை எவ்வளவு சிறந்த மின்கலமும் மின்வேலையாக மாற்ற முடியாது. அது வெப்பமாகவே வெளியேறும்.

பிணைப்பிலும் அதே எண்

1932-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஒரு கேள்வி கேட்டார். ஹைட்ரஜன் மூலக்கூற்றின் பிணைப்பாற்றல் 436 கிலோஜூல், ஃபுளோரினுடையது 159. இவற்றின் சராசரி ஏறத்தாழ 297. ஆனால், ஹைட்ரஜன் ஃபுளோரைடின் பிணைப்பாற்றல் சுமார் 567. இந்த 270 கிலோஜூல் மிகை எங்கிருந்து வந்தது? எலக்ட்ரான்களை ஃபுளோரின் தன்பால் மிகுதியாக ஈர்ப்பதால் என்றார் பாலிங். அம்மிகையை எலக்ட்ரான்-வோல்ட் அலகுக்கு மாற்றி, வர்க்கமூலம் கண்டு, மின்னெதிர்த்தன்மை அளவுகோலை உருவாக்கினார்.

ஒரு எலக்ட்ரான்-வோல்ட் என்பது மோலுக்கு எத்தனை கிலோஜூல்? 96.485! ஃபாரடேயின் எண் மீண்டும் வந்து நிற்கிறது. 270-ஐ அதனால் வகுத்தால் 2.8, வர்க்கமூலம் ஏறத்தாழ 1.7. இன்றைய அட்டவணையில் ஃபுளோரினுக்கு 3.98, ஹைட்ரஜனுக்கு 2.20, வேறுபாடு 1.78. பல சேர்மங்களுக்கும் பொருந்துமாறு அட்டவணை அமைக்கப்பட்டதால் சிறு வேறுபாடு உண்டு. ஆயினும், மாணவன் தன் கையால் அந்த எண்ணுக்கு இவ்வளவு அருகில் வந்துவிடலாம் என்பது எத்துணை மகிழ்ச்சி!

2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டமும் அவகாட்ரோ எண்ணும் துல்லியமாக வரையறுக்கப்பட்டதால், இவ்விரண்டின் பெருக்கமாகிய ஃபாரடே மாறிலியும் இனி மாறாத ஒன்றாகிவிட்டது.

நாம் செய்யக்கூடியது

ஆசிரியர்களே, ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் மாணவனிடம் மூன்று வினாக்கள் கேளுங்கள். எத்தனை மோல் எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன? கொடுத்த எண்ணின் அலகு என்ன? ஆற்றல் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா? இவற்றுக்கு விடை எழுதிய பிறகே கணிப்பானைத் தொட அனுமதியுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை கணக்குப் போடும்போது அருகில் அமர்ந்து, "இந்த எண் எதனை எண்ணுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். அவன் தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்கட்டும். விளக்க முடிந்தால் கணக்கு அவனுக்கு வந்துவிட்டது என்று பொருள். விளக்க முடியாத இடம் எதுவோ, மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடமும் அதுவே.