கணக்கில் வராத பூனைகள்

ஆற்காடு நவாப் 1763ல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வாங்கியதை எண்ணிப் பார்க்காமல் விடுவார்களா வெள்ளைக்காரர்கள்? தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767ல் ஆரம்பித்து 1774 வரை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஏறக்குறைய 2,000 ஊர்கள். பூந்தமல்லியும் அதைச் சுற்றியிருந்த ஏரிப்பாசன கிராமங்களும் அந்தச் சீமைதான். (பேச்சில் எல்லோரும் பூனமல்லி என்பார்கள். பூனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பூவிருந்தவல்லி மருவி வந்த பெயர் என்பார்கள்!)

எவ்வளவு நிலம், எத்தனை வீடு, யாருக்கு என்ன தொழில் என்பதோடு, களத்தில் குவித்த நெல்லில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. சர்க்காரும் உழுதவரும் பிரித்துக்கொள்வதற்கு முன்பே கோயிலுக்கு, கணக்கப்பிள்ளைக்கு, ஊர்க் காவலுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, துணி வெளுப்பவருக்கு, முடி திருத்துபவருக்கு என்று அளந்து எடுத்து வைத்துவிடுவார்கள். வேலை செய்தவர் யாருக்கும் பாக்கி வைக்காத கணக்கு.

ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த நெல் வீட்டுக்குள் போன பிறகு வருஷம் முழுக்க ராத்திரிக் காவல் பார்த்த பூனை!

சம்பா அறுத்து தை மாதம் வீட்டுக்கு வருகிற நெல்தான் அடுத்த அறுவடை வரை சாப்பாடு, விதை, கூலி எல்லாம். அதைக் கொட்டி வைக்க மண்ணால் செய்த குதிர். மேலே கொட்டுவார்கள், கீழே ஒரு ஓட்டை வழியாக எடுப்பார்கள், எடுத்ததும் துணியை உருட்டி அடைப்பார்கள். எலிக்கு அந்தத் துணி எம்மாத்திரம்? சுண்டெலி, வீட்டெலி, வயலெலி, பெருச்சாளி என்று ஒரு படையே உண்டு. தின்பது கொஞ்சம், சிந்துவதும் மூத்திரம் பெய்து கெடுப்பதும் அதற்கு மேல். அதனால் பூனை வளர்ப்பது ஆசைக்காக இல்லை. பூட்டு வாங்குவது போல.

பண்ணை வீட்டில் ஒற்றைப் பூனை என்பது கிடையாது. ஒரு தாய்ப்பூனை, அதன் மகள்கள், அவற்றின் குட்டிகள், எப்போதாவது வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிற ஒரு கடுவன். தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் குட்டி போட்டு, ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பதைப் பண்ணைப் பூனைகளைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டுக் குடும்பம்தான், ஆனால் பெண்கள் நடத்துகிற கூட்டுக் குடும்பம்.

விடியற்காலை மாடு கறக்கிற சத்தம் கேட்டால் கொட்டிலில் வரிசையாக வந்து உட்காரும். கொட்டாங்கச்சியில் கொஞ்சம் பால், அவ்வளவுதான் சம்பளம். முழு வயிறு நிரப்பினால் எலி பிடிக்காது என்று கணக்குப் போட்டவர்கள் நம் ஆட்கள். அதே சமயம் அந்த ஊழியரை முழுசாக நம்பியதும் இல்லை. தயிரும் வெண்ணெயும் உத்தரத்தில் தொங்குகிற உறியில்தான் இருக்கும். குளிர் காலத்தில் அணைந்த அடுப்பின் சாம்பலில் படுத்துக்கொள்ளும். விடிந்த பிறகும் அடுப்பில் பூனை தூங்கினால் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று அர்த்தம். வறுமையைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி தமிழில் உண்டா என்று தெரியவில்லை. குட்டி போட்டால் வாயில் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழோ மூன்றோ, கடுவன் கண்ணில் படாமல் குட்டியைக் காப்பாற்றத்தான் அந்த அலைச்சல்.

மாட்டுக்குச் சந்தை உண்டு, ஆட்டுக்குச் சந்தை உண்டு, பூனைக்கு இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்தால் போதும். விலை இல்லாத பொருள் கணக்குப் புத்தகத்தில் ஏறாது என்பது வணிகவியல் முதல் வருஷப் பாடம்!

மரியாதையும் பெரிதாகக் கிடைத்ததில்லை. குறுந்தொகையில் வருவது வெருகு, அதாவது காட்டுப்பூனை. சாயங்காலம் வேலியோரம் அதைப் பார்த்து வீட்டுக்கோழி பதறுகிற காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். கம்பர் தன்னை அடக்கமாகச் சொல்லிக்கொள்ள, பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையை உவமை ஆக்கினார். மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, அர்ச்சுனன் தபசுப் பாறையில் பூனையை நிற்க வைத்துத் தவம் செய்ய விட்டார். காலடியில் எலிகள். போலிச் சாமியாருக்கு உதாரணம் வேண்டுமென்றாலும் பூனைதான்!

மரியாதை ஒரு தரம் கிடைத்தது, ஒரு டாக்டர் மூலமாக. 1896ல் பம்பாயில் பிளேக் வந்து நாடு முழுக்கப் பரவியபோது, எலியும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. விதர்பாவில் அமராவதியில் வேலை பார்த்த ஆண்ட்ரூ புக்கானன் என்ற ராணுவ மருத்துவர், பூனைகள் அதிகமுள்ள கிராமங்களில் பிளேக் குறைவு என்று 1908ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. பூனைக்கே பிளேக் வரும், அதனிடமிருந்து மனிதனுக்கும் வரும் என்பது இன்று தெரிந்த விஷயம். நியூயார்க்கில் 2018ல் வெளியான ஓர் ஆய்வில் 79 நாள் காமிரா வைத்துப் பார்த்ததில் பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே இரண்டு! ஆனால் பூனை நடமாடினால் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது. குதிருக்குத் தேவைப்பட்டதும் அதுதானே. காவல்காரன் தினமும் திருடனைப் பிடிக்க வேண்டியதில்லை.

வயலில் நடக்கிற வேட்டைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். இருளர்கள் வரப்பைத் தோண்டி எலியையும், அது வளைக்குள் சேர்த்து வைத்த நெல்லையும் எடுத்தார்கள். வரப்பு இருளருக்கு, வீடு பூனைக்கு.

பிறகு வயலே போனது. அம்பத்தூரில் 1949ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி, ஆவடியில் 1961ல் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஏரிக்குக் கீழே நெல் விளைந்த இடங்கள் மனைகளாயின. 2011ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2019ல் ஆவடியே மாநகராட்சி ஆனது.

வயல் மிஞ்சிய இடத்திலும் பூனைக்கு வேலை போய்விட்டது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1972ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நெல், களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையாகப் போகிறது. சாப்பாட்டு அரிசி கடையிலிருந்து வருகிறது. வீட்டில் நெல் தங்காவிட்டால் குதிர் எதற்கு? குதிர் இல்லாவிட்டால் எலிக்காக யார் கவலைப்படுவது? அப்படியும் வருகிற ஒன்றிரண்டுக்குக் கடையில் எலிக்கட்டி கிடைக்கிறது. விஷம் தின்று தள்ளாடுகிற எலி சுலபமாக மாட்டும். அதைத் தின்ற பூனைக்கும் அந்த விஷம் ஏறும்.

திருமழிசையைத் தாண்டிப் போனால் இன்னும் கொஞ்சம் நெல் வயல் உண்டு, திண்ணையில் பூனையும் உண்டு. மாடு கறக்கிற சத்தம் குறைந்துவிட்டது. ஆவின் பாக்கெட்டைக் கத்தரிக்கிற சத்தத்துக்கு ஓடி வரப் பழகிக்கொண்டுவிட்டன.