சீமைக்கருவேல மகரந்தமும் ஹிஸ்டமினும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், கண்மாய்களிலும் தரிசு நிலங்களிலும் சீமைக்கருவேல மரங்கள் அடர்ந்து வளர்ந்துள்ளன. இந்தியாவில் ஒவ்வாமையை உண்டாக்கும் மகரந்தங்களுள் இம்மரத்தின் மகரந்தமும் ஒன்று. ஆனால் அது நஞ்சன்று. தும்மலையும் கண் அரிப்பையும் பெரும்பாலும் உண்டாக்குவது, நம் உடலின் மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளே. இதனை அறிவியல் தெளிவாக அறிய ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடல் தொடங்கிய காலமும், இம்மரம் இந்தியாவுக்கு வந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே.

மரத்தின் வருகை

சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1876இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம், வறண்ட நிலங்களில் இதை வளர்க்கப் பரிந்துரைத்தார். அதைத் தொடர்ந்து ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பைப் பகுதியில் ஊன்றப்பட்டன. காமராசர் காலத்தில்தான் இம்மரம் வந்தது என்ற பேச்சு பரவலாக உண்டு. ஆயினும் வருகை அதற்கு வெகுகாலம் முற்பட்டது. காய்களைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதைகள் எங்கும் பரவின. விறகும் கரிமூட்டமும் பல குடும்பங்களுக்குப் பிழைப்பாயின.

மாஸ்ட் செல்லின் கதை

1878இல் ஜெர்மானிய மாணவர் பால் எர்லிக், சாயமேற்றிய திசுக்களில் துகள்கள் நிறைந்த செல்களைக் கண்டார். அவை மிகுதியாக உணவு உண்டு கொழுத்தவை எனக் கருதி, கொழுக்க வைத்தலைக் குறிக்கும் 'மாஸ்ட்' என்ற சொல்லால் பெயரிட்டார். 1910இல் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் ஹிஸ்டமினை விலங்குகளுக்குச் செலுத்தியபோது, கடும் ஒவ்வாமை அதிர்ச்சியை ஒத்த விளைவுகள் தோன்றின. அந்த ஹிஸ்டமின் மாஸ்ட் செல்களில் சேமிக்கப்பட்டுள்ளது என்பதை 1953இல் ரைலியும் வெஸ்டும் காட்டினர்.

செல்லைத் தூண்டுவது எது? 1921இல் பிராஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாமை கொண்ட தம் நண்பர் கூஸ்ட்னரின் இரத்தச் சீரத்தைத் தம் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்தது. இரத்தத்தில் இருந்த அந்தப் பொருள் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள் என்பது 1966-67இல் இஷிசாகா தம்பதியர், யோகான்சன், பென்னிக் ஆகியோரின் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

செயல்படும் விதம்

மகரந்தத்தை முதலில் சந்திக்கும்போது, ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடியவரின் உடல் ஐ.ஜி.இ.யை உருவாக்குகிறது. அது மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. மீண்டும் மகரந்தம் வரும்போது, அதன் புரதம் அருகருகேயுள்ள ஐ.ஜி.இ.க்களை இணைக்கிறது. செல்லுக்குள் கால்சியம் அளவு உயர்ந்து, துகள்கள் செல் உறையோடு கலந்து சில நிமிடங்களில் ஹிஸ்டமினை வெளியே கொட்டுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது, நரம்புகள் அரிப்பை உணர்த்துகின்றன, மூச்சுக்குழல் தசைகள் சுருங்குகின்றன.

1937இல் டேனியல் போவே முதன்முதலில் உருவாக்கிய வகையிலான எதிர்-ஹிஸ்டமின் மருந்துகள், பொதுவாக இந்த வெளியேற்றத்தை நிறுத்துவதில்லை. ஹிஸ்டமின் சென்று பற்றும் இடத்தை மறிக்கின்றன. மூச்சுத்திணறலும் மயக்கமும் உள்ள கடும் ஒவ்வாமைக்கு அவை போதா; உடனடியாக அட்ரினலின் ஊசி தேவை.

இன்றைய நிலை

2017இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டில் சென்னையில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவ்வழக்கின் மையம் நிலத்தடி நீர். மரம் அகன்றாலும் தூசியும் பிற மகரந்தங்களும் இருக்கும் வரை, மாஸ்ட் செல்கள் இதே வழியில்தான் செயல்படும்.